மதுரைப் பொன் வாசல்

குதுப் மினாரைப் பார்க்க வருகிற கூட்டம் அண்ணாந்த கழுத்தோடுதான் உள்ளே நுழையும். கோபுரம் அப்படி. அதற்குப் பக்கத்திலேயே, சிவப்புக் கல்லும் வெள்ளைச் சலவைக்கல்லும் மாறி மாறிப் பதித்த சதுரக் கட்டடம் ஒன்று தலையில் ஒரு குவிமாடத்தோடு நிற்கிறது. பழைய மசூதியின் தெற்கு வாசல் அது. அலாய் தர்வாசா என்று பெயர். அதைப் பார்ப்பதற்கென்று யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. வெயிலுக்கு ஒதுங்குவார்கள், தண்ணீர் குடிப்பார்கள், செருப்பில் சிக்கிய கல்லை உதறுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் டூர் கூட்டம் மட்டும் அந்த வாசலில் நின்று அழுதது. ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, பதினோரு வருடம் அழுதது. அழவைத்தவள் காந்திமதி.

அவளைக் கைடு என்று சொல்ல முடியாது. கைடு என்றால் கழுத்தில் அட்டை தொங்கும், நாலு பாஷை பேசுவார். இவளிடம் ஒரு குடையும் ஒரு துணிப்பையும்தான். ஐம்பத்தாறு வயது. அம்பாசமுத்திரத்துக்காரி. கல்யாணமான கையோடு டெல்லிக்கு வந்தவள். கணவர் லட்சுமணன் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக இருந்தார், ஆர்.கே. புரத்தில் குவார்ட்டர்ஸ். குழந்தை இல்லை. ஆனாலும் அந்த வீடு காலியாகக் கிடந்த நாட்கள் குறைவு. ஊரிலிருந்து டெல்லி பார்க்கக் கிளம்பிய அத்தனை பேரும் அங்கேதான் வந்து இறங்குவார்கள். சித்தப்பா மகன், அவன் மைத்துனன், அவனோடு படித்தவன் என்று யார் வந்தாலும் லட்சுமணன் சலிக்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கோட்டை, ராஜ்காட், குதுப் மினார் என்று கூட்டிப் போவார். இவள் புளியோதரைத் தூக்கோடு பின்னால் போவாள்.

அவர் இறந்ததும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டி வந்தது. குடும்ப பென்ஷனை நம்பி, லாடோ சராயில் மொட்டை மாடியில் ஓர் அறைக்குக் குடி போனாள். அதோடு உறவுகளும் நின்றன. யாரும் சண்டை போடவில்லை. தங்க இடமில்லாத டெல்லியில் அவர்களுக்கு என்ன வேலை? நியாயம்தான் என்று காந்திமதியே சொல்வாள்.

கீழ் வீட்டுப் பஞ்சாபிக்காரியோடு ஹிந்தி, காய்கறி வண்டிக்காரனோடு ஹிந்தி, வங்கியில் ஹிந்தி. வாரக்கணக்கில் ஒரு தமிழ் வார்த்தை வெளியே வராமல் போகும். ஒரு நாள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், மதுரை டூர் கம்பெனி ஒன்றின் சமையல்காரர் உளுந்து வாங்கத் தெரியாமல் கைஜாடை காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கம்பெனிகள் தங்கள் சமையல்காரரையும் அண்டாவையும் கையோடு கொண்டுவருவது வழக்கம். டெல்லிக்கு வந்தும் இட்லி இல்லாவிட்டால் பயணிகள் பஸ்ஸையே கவிழ்த்துவிடுவார்கள். காந்திமதி இடையில் புகுந்து உளுந்து வாங்கிக் கொடுத்தாள். பக்கத்தில் நின்ற மேனேஜர் செந்தில்குமார், "அக்கா, நாளைக்கு ஒரு நா எங்க கூட வந்து சுத்திக் காட்டுறீங்களா?" என்றான். அவன் கேட்டு முடிக்கும் முன்பே அவள் சரி என்றுவிட்டாள். அதிலிருந்து மாதத்துக்கு இரண்டு மூன்று பஸ். அந்த அரை நாளில் நாற்பது பேர் அவளை அக்கா, அம்மா என்று கூப்பிடுவார்கள். அதற்காகவே மற்ற நாட்களைத் தள்ளினாள் என்று சொன்னால் மிகையில்லை.

வாசலில் எல்லோரையும் அழவைத்த பொய் பிறந்ததும் ஒரு பஸ்ஸில் வந்த கூட்டத்தின் முன்னால்தான். ஜூன் மாத வெயில். மினாரை முடித்து அலாய் தர்வாசாவின் நிழலுக்கு வந்தார்கள். லட்சுமணனிடம் கேட்டதையெல்லாம் காந்திமதி ஒப்பித்தாள். அலாவுதீன் கில்ஜி கட்டியது, கட்டிய வருடம் 1311, இந்தியாவில் கல்லை ஆப்பு மாதிரி செதுக்கி ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து முறையான வளைவு எழுப்பிய முதல் கட்டடங்களில் ஒன்று. ஒருவர் கேட்டால்தானே! ஒருத்தி செல்போனில் பேரனை அதட்டிக்கொண்டிருந்தாள், ஒருவர் கண்ணை மூடிவிட்டார். லட்சுமணன் இந்த இடத்தில் எப்போதும் ஒரு வார்த்தை சேர்ப்பார்: "இதே வருசந்தான் இவன் படை நம்ம மதுரைக்கும் போச்சு." அவ்வளவுதான் அவர் சொன்னது. காந்திமதி அன்றைக்கு அதோடு நிறுத்தவில்லை. "நம்ம மதுரையில அள்ளிக்கிட்டு வந்தாம்லா பொன்னு, அதுலதான் இந்த வாசலக் கட்டியிருப்பான்" என்றாள்.

நாற்பது தலையும் திரும்பின. செல்போன்காரி போனை வைத்தாள்.

முதலில் 'கட்டியிருப்பான்' என்றுதான் சொன்னாள். நாலு பஸ் கழித்து அது 'கட்டினதாச் சொல்லுதாவ' ஆனது. ஒரு வருடத்தில் 'கட்டினான்' என்று காலை ஊன்றி நின்றுவிட்டது. பின்பு யானை வரிசை வந்தது, யானை முதுகில் பெட்டி வந்தது, பெட்டியில் தாலியும் வந்தது. சித்திரை மாதம், ஏப்ரல் வெயிலில் மதுரைத் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்ததை அவள் சொல்லும்போது கல்லும் கரையும். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள், அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள், பஸ் கிளம்பும்போது முறுக்குப் பொட்டலத்தைத் திணிப்பார்கள். "கண்டிப்பா மதுரைக்கு வரணும்" என்பார்கள். போன் எண் வாங்கிக்கொண்டவர்களில் யாரும் பேசியதில்லை, அம்பிகாவைத் தவிர.

அம்பிகாவுக்கு அறுபது இருக்கும். மதுரை தெப்பக்குளம் பக்கம் வீடு. போன வருடத்துக்கு முந்தின நவம்பரில் வந்தாள். அன்றைக்கு எல்லோரும் அழுதார்கள் என்றால், அம்பிகா அழுத விதமே வேறு. வாசல் சுவரில் நெற்றியை வைத்து, தோள் குலுங்க, காந்திமதியின் கையை விடாமல் அழுதாள். கிளம்பும்போது வாசற்படி ஓரத்தில் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "நம்ம பொன்னு பட்ட மண்ணுத்தா" என்றாள்.

அடுத்த ஞாயிறு காலை பதினொரு மணிக்குப் போன் வந்தது. அதற்கடுத்த ஞாயிறும் வந்தது. மருமகள் கோயிலுக்குப் போகிற நேரம் அது. அடுப்பில் குழம்பு கொதிக்க, அம்பிகா ஒரு மணி நேரம் பேசுவாள். கத்தரிக்காய் விலை, முழங்கால் வலி, பக்கத்து வீட்டுக் கல்யாணம். இரண்டு பேரும் தாலியறுத்தவர்கள்தான். ஆனால் செத்தவர்களைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. காந்திமதி தானாக ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவர்கள் வீட்டில் ஆள் இருக்கும், தொந்தரவாகிவிடும் என்று பயம். ஞாயிறு காலை பத்தரைக்கே குளித்து, போனைத் துடைத்து, கட்டில் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டெல்லியில் அவளைத் தேடிக் கூப்பிட்ட ஒரே குரல் அது. அதை இழந்தால் அப்புறம் வாரத்துக்கு ஞாயிறு என்று ஒன்று எதற்கு?

இந்த ஜனவரி கடைசியில் அம்பிகா ஒரு சேதி சொன்னாள். அவள் விளக்குப் பூஜைக் குழுப் பெண்கள் இருபத்தாறு பேரையும் கூட்டிக்கொண்டு பிப்ரவரி கடைசியில் வருகிறாள். "பூஜை முடிஞ்சா உன் கதையத்தான் சொல்லுவேன். எல்லாரும் அந்த வாசலப் பாக்கணும்னு நிக்கிறாளுக. அந்த மண்ணக்கூட ஒரு சிமிழ்ல போட்டுப் பூஜை அலமாரில வச்சிருக்கேன். நீ உன் வாயால அங்க வச்சுச் சொல்லணும், அம்புட்டுத்தான்."

காந்திமதிக்குத் தலைகால் புரியவில்லை. அதே வாரத்தில் வேறொரு பஸ்ஸை அழவைத்து அனுப்பிவிட்டு, படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அங்கே பெருக்குகிற நஸீம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். வருடக்கணக்காகத் தலையாட்டிக்கொண்டவர்கள், பேசியது குறைவு.

"தீதி, ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன்" என்றார் ஹிந்தியில். "உங்க ஆளுங்க மினார்கிட்ட சிரிக்கிறாங்க. இரும்புத் தூண்கிட்ட சிரிக்கிறாங்க. இங்க வந்தா மட்டும் அழறாங்க. அப்படி என்னதான் சொல்றீங்க?"

அவள் பெருமையாகச் சொன்னாள். யானை, பெட்டி, தாலி எதையும் விடவில்லை. நஸீம் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்து, "படை எப்ப உங்க ஊருக்கு வந்துச்சு?" என்றார்.

"ஆயிரத்து முந்நூத்திப் பதினொண்ணு, ஏப்ரல்."

நஸீம் வளைவுக்கு மேலே ஓடுகிற கல்லெழுத்தை நிமிர்ந்து பார்த்தார். "எனக்குப் பாரசீகம் படிக்க வராது. ஆனா படிக்கத் தெரிஞ்சவங்க இங்க வந்தா சத்தமா வாசிச்சுத்தான் காட்டுவாங்க. கேட்டுக் கேட்டு மனப்பாடம். ஷவ்வால் மாசம் பதினஞ்சு, ஹிஜ்ரி எழுநூத்திப் பத்து. இங்கிலீஷ் தேதிக்கு மார்ச் ஏழுன்னு ஒரு புரொஃபசர் சொன்னார், அதே 1311." கொஞ்சம் தயங்கினார். "வாசல் மார்ச்ல முடிஞ்சிருச்சே தீதி. ஏப்ரல்ல கொள்ளையடிச்ச பொன்னு எப்படி இங்க வந்திருக்கும்?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. சந்தேகமாகத்தான் கேட்டார். அதுதான் இன்னும் மோசம். காந்திமதி குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து போனில் தேடினாள். தமிழில் கொஞ்சம், ஹிந்தியில் கொஞ்சம். அள்ளிய பொன்னோடு படை டெல்லிக்குத் திரும்பி வந்ததே அக்டோபரில்தான். வாசல் எழுந்து ஏழு மாதம் ஆன பிறகு. பதினோரு வருடமாக ஏப்ரல், ஏப்ரல் என்று அவள் வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். வாசலின் 1311-ஐயும் படையின் 1311-ஐயும் பக்கத்தில் பார்த்ததும் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். அழுதவர்களில் ஒருவராவது மாதத்தைக் கேட்டிருக்கக் கூடாதா என்று எல்லோர் மேலும் கோபம் வந்தது. பிறகு யார் மேலும் வரவில்லை.

அம்பிகாவிடம் சொல்லிவிட வேண்டும். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. முதல் ஞாயிறு, பயணச் சீட்டு எடுத்துவிட்டதாக அம்பிகா உற்சாகமாகச் சொன்னாள். இவள் வாயை மூடிக்கொண்டாள். இரண்டாம் ஞாயிறு, "அக்கா, ஒரு விசயம்" என்று ஆரம்பித்து, டெல்லியில் குளிராக இருக்கிறது, ஸ்வெட்டர் கொண்டு வாருங்கள் என்று முடித்தாள். மூன்றாம் ஞாயிறும் நாலாம் ஞாயிறும் அம்பிகா அவசரத்தில் இருந்தாள். சொன்னால் அடுத்த ஞாயிறு போன் வருமா என்கிற ஒரே பயம்தான். வேறு கௌரவமோ மண்ணோ ஒன்றும் இல்லை.

பிப்ரவரி கடைசியில் அவர்கள் வந்தார்கள். இருபத்தாறு பேரும் ஒரே மாதிரி மஞ்சள் சேலை. அம்பிகா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். மினாரை அவசரமாகப் பார்த்தார்கள். இரும்புத் தூணை அதைவிட அவசரமாக. "வாசலுக்குப் போவோம், வாசலுக்குப் போவோம்" என்று அம்பிகா விரட்டினாள். படிகளில் எல்லோரையும் உட்காரவைத்து, "ம், ஆரம்பி ஆத்தா" என்றாள்.

பொய்யையே சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? காந்திமதியும் அப்படி நினைத்துத்தான் வாயைத் திறந்தாள். சற்றுத் தள்ளி நஸீம் பெருக்குவதை நிறுத்திவிட்டு நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மதுரை என்கிற சொல் தெரியும், ஏப்ரல் தெரியும், அழுகை தெரியும்.

"அக்கா, நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள் காந்திமதி. "இந்த வாசல் கட்டி முடிஞ்சது மார்ச்சு மாசம். படை மதுரைக்கு வந்தது ஏப்ரல்ல. நம்ம பொன்னு இங்க வந்து சேர்ந்தது அதுக்கும் பெறகு, அக்டோபர்ல. இதுல நம்ம பொன்னு இல்ல."

அவள் பதற்றத்தில் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனாள். "ஆனா இது பெரிய வாசல்க்கா. மசூதிய ரெட்டிப்புக்கு மேல பெருசாக்கணும்னு ராசா நெனச்சான். அந்த மினாரை விடப் பெருசா இன்னொரு மினாரும் ஆரம்பிச்சான், அந்தா வடக்க மொட்டையா நிக்கில்லா, அதான். நாலஞ்சு வருசத்துல செத்துப் போனான். எல்லாம் பாதியில நின்னுட்டு. நெனச்சதுல முழுசா முடிஞ்சது இந்த வாசல் ஒண்ணுதான். வளைவு ஓரத்துல பாருங்க, தாமரை மொக்கு மாதிரி செதுக்கியிருக்காவ, எழுநூறு வருசமா…"

தாமரை மொட்டை ஒருவரும் பார்க்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "ஏ அம்பிகா, இதுக்காடி எங்கள ரெண்டு நாள் ரயில்ல இழுத்துட்டு வந்த?" என்றாள். இன்னொருத்தி, "மண்ண வேற அலமாரில வச்சுக் கும்பிட வச்சாளே!" என்றாள். சிரிப்பு ஒவ்வொரு படியாகப் பரவியது. அம்பிகாவும் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"ஜனவரில."

"நாலு ஞாயித்துக்கெழம பேசியிருக்கோம்" என்றாள் அம்பிகா. தன் பெண்களை எண்ணிக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். காந்திமதிக்கென்று மதுரையிலிருந்து தூக்கி வந்த பையை டிரைவரிடம் கொடுத்தனுப்பினாள். பையில் சுங்குடிச் சேலையும், வறுத்து அரைத்த குழம்புப் பொடியும் இருந்தன.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாவது ஞாயிறு பதினொன்றேகாலுக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக, காந்திமதி தானே கூப்பிட்டாள். வெகுநேரம் மணி அடித்தபின் அம்பிகா எடுத்தாள்.

"அக்கா, என் மேல கோவமா இருக்கீயளா? பொன்னு இல்லேன்னதும்…"

"பொன்னாவது மண்ணாவது" என்றாள் அம்பிகா. குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "நான் அன்னைக்குப் பொன்னுக்கா அழுதேன்னு நெனச்ச? எங்க வீட்டுக்காரரு போயி அப்ப எட்டு மாசம். வீட்ல அழுக விடல. மகன் மூஞ்சியத் தூக்குவான், மருமக டிவிய வச்சிருவா. ரோட்லயா நின்னு அழுக முடியும்? அந்த வாசல்ல நீ சொல்லச் சொல்ல எல்லாரும் அழுதாளுக. ஆரும் என்னை எதுக்கு அழுவுறேன்னு கேக்கல. எட்டு மாசத்த அங்க கொட்டிட்டு வந்தேன். அந்தச் சிமிழப் பாத்தா எனக்கு அதான் ஞாபகம், மதுரைப் பொன்னு இல்ல. இப்ப அதப் பாத்தா அவளுக சிரிச்சதுதான் காதுல கேக்குது. தொட்டிச் செடில கொட்டிட்டேன்."

காந்திமதி என்னவோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ பொய் சொன்னதுகூடப் பெருசில்லத்தா. நாலு வாரமா என்னைப் பத்தி என்ன நெனச்சு வாயப் பொத்திக்கிட்டு இருந்த? பொன்னு இல்லேன்னா இவ பேசமாட்டான்னுதான? அம்புட்டுத்தானா நான்?" அம்பிகா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். "சரி, மருமக வர்ற நேரம். வைக்கிறேன்."

அதன் பிறகு அம்பிகா கூப்பிடவில்லை. காந்திமதிக்கும் கூப்பிட முகமில்லை. என்ன சொல்வது? ஆமாம், அப்படித்தான் நினைத்தேன் என்றா? அதுதானே உண்மை. டெல்லியில் இத்தனை வருடத்தில் ஒருவர் தன்னைச் சும்மா, தனக்காகவே கூப்பிடுவார் என்று அவளுக்கு நம்ப வரவில்லை. யானையும் பெட்டியும் இருந்தால்தான் வருவார்கள் என்று நினைத்துவிட்டாள்.

ஏப்ரலில் ஒரு புதன்கிழமை, பஸ் எதுவும் இல்லாத நாளில், தன் கையால் டிக்கெட் எடுத்துக்கொண்டு குதுப் மினாருக்குப் போனாள். நேரே அலாய் தர்வாசாவுக்குப் போய், அம்பிகா நெற்றியை வைத்த சுவருக்குப் பக்கத்தில் நின்றாள். லட்சுமணன் செத்தபோது அவள் அழவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்ன காகிதத்துக்கும், சாமான் மூட்டை கட்டுவதற்கும், பென்ஷன் விண்ணப்பத்துக்கும்தான் நேரம் இருந்தது. அப்புறம் பதினோரு வருடம் மற்றவர்களை அழவைத்து, அவர்களோடு சேர்ந்து தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதெல்லாம் யாருக்காக என்று இப்போதுதான் தெரிந்தது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். கையைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. சுவர் வெயிலில் சூடாக இருந்தது.

பின்னால் யாரோ தோளைத் தொட்டார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி, கையில் செல்போன். அவள் தோழிகள் மூன்று பேர் வளைவின் கீழே சிரித்தபடி வரிசையாக நின்றிருந்தார்கள்.

"ஆன்ட்டி, ப்ளீஸ், கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா?" என்றாள் அந்தப் பெண் ஹிந்தியில், மரியாதையாகவே. "போட்டோல நீங்க வர்றீங்க."

"அச்சா பேட்டா" என்று சொல்லி, காந்திமதி தள்ளி நின்றாள்.